கண்ணால் அளந்த கோழிகள்

அடுப்போரம் கூடையை வைத்துக்கொண்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து அவற்றின் கொண்டையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள் அவள். பார்த்துக்கொண்டிருந்த புருஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரி வீட்டுக்குப் போகப்போகிற குஞ்சுகளுக்கு இத்தனை உபசாரமா!

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதா? நம்ம சேவலைச் சாக்குல போட்டுக் கட்ட வெச்ச ஆளுக்கா இதெல்லாம்?"

"குளிர் இப்படி அடிக்குதே. கொண்டை பெரிசா இருந்தா பனியில கறுத்துப்போயிடும்ங்க" என்றாள். கூடையில் இருந்தவை பன்னிரண்டு. அவள் எண்ணெய் தடவியதென்னவோ பாதிக்குத்தான்.

புருஷன் எலக்ட்ரீஷியன். கோழியைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டுக்கு பல்ப் மாட்டுவதுதான். ஆனால் குளிர்காலத் தொடக்கத்தில் நடந்ததை அவன் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சர்வேயர், காலைத் தூக்கம் கெடுகிறது என்று மனுமேல் மனு போட்டார். நகராட்சி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து சேவலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளங்கையளவு குஞ்சிலிருந்து அவள் வளர்த்தது அது. கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து அன்று முழுக்க அழுதாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சர்வேயர் யாரிடமோ போனில், "இனிமே நிம்மதியாத் தூங்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எலக்ட்ரீஷியனின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தாள் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கலாமா, தண்ணீர்க் குழாயை உடைக்கலாமா என்று அவன் தினமும் ஒரு திட்டம் போடுவான். அவளோ குஞ்சுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவரே போன வாரம் வேலியோரம் வந்து, முட்டைக்காகக் கோழி வளர்க்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார். "சேவல்தான் சனியன். கோழிங்க அதுபாட்டுக்குக் கிடக்கும்." இவளும், "என்கிட்டயே குஞ்சு இருக்கு சார், சும்மாவே எடுத்துக்கோங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

வாசலில் செருமல் கேட்டது. கம்பளிக் குல்லாவும் கையில் ஒரு கூடையுமாக சர்வேயர் உள்ளே வந்தார்.

"கூண்டை எங்க சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"என் பெட்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே. உள்ளே ஹீட்டர் ஓடறதால சுவர் கதகதன்னு இருக்கும், காத்தும் படாது. அளந்து பார்த்துத்தான் வெச்சேன்."

"அதைவிட நல்ல இடம் கிடைக்காது சார்."

கொண்டை சிறுத்து, கால் மெலிந்திருந்த ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதை எடுத்துக்கோங்க சார். முட்டைக்கு நல்லது."

சர்வேயர் அதைத் தள்ளிவிட்டார். "ஏம்மா, சோணியா பார்த்து என் தலையில கட்டறியா? முப்பது வருஷம் நிலம் அளந்த கண்ணும்மா இது!" கூடைக்குள் கையை விட்டார். கொண்டை செக்கச்செவேலென்று, கால் தடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவையாகப் பொறுக்கினார். விரலில் பிசுபிசுத்தது. "எண்ணெயெல்லாம் தடவி உனக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தியாக்கும்!"

"சார், அதை மட்டும் விட்டுடுங்க சார்" என்றாள். கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

அந்தக் கெஞ்சலே அவருக்குப் போதுமாக இருந்தது. எண்ணி ஆறை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டார். "பலன் எப்போ கிடைக்கும்?"

"பனி முடியட்டும் சார். தன்னால தெரியும்."

சர்வேயர் படியிறங்கியதும் எலக்ட்ரீஷியன் வெடித்தான். "நல்லதையெல்லாம் வாரிக்கிட்டுப் போறான், நீ மரமாட்டம் நிக்கறே! சேவலும் போச்சு, இப்போ இதுவும் போச்சு. இரு, போய்ப் பிடுங்கிட்டு வரேன்!"

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதலில் கதவைச் சாத்தினாள். திரும்பியபோது, சேவல் போன நாளுக்கப்புறம் முதல்முறையாக, அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பேசாம உக்காருங்க. அவர் பொறுக்கிக்கிட்டுப் போனது ஆறும் சேவல்!"