இரண்டு புள்ளிகள்

கொட்டாஞ்சேனை கராஜின் தகரக் கூரை பகல் வெயிலில் படபடக்கிறது. காரின் புதிய கேம் கியர் இரண்டும் டைமிங் பெல்ட்டும் ஏறியாயிற்று. மெக்கானிக் ஹியூபேட் கிழவர் பொன்னட்டுக்குள் குனிந்து, ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். பழைய கியரில் பெல்ட்டை நேர்பார்த்து மாட்ட ஒரு புள்ளிதான் இருந்தது, இதில் இரண்டு. எது சரி என்று தெரியாமலே ஒன்றை நேர்பார்த்து மாட்டிவிட்டார். பிசகினால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துபோகும். உள்ளே, சாவியில் கைவைத்தபடி கார்க்காரன் ரொஷாந்த். இந்தக் கார் ஹயர் ஓடினால்தான் அவன் வீட்டில் சோறு. "அங்கிள், ஒருக்கா ஸ்டார்டர அடிச்சுப் பாப்பமா? கட்டுநாயக்காவுக்குப் போற ஆள் கோல் எடுத்துக்கொண்டே இருக்குது." "பொறுடா! ரெண்டு சுத்து முடியட்டும்." "நீங்க சுத்தி முடிக்க பிளேன் லண்டன்ல இறங்கிடும்." முதல் சுற்றுப் போகிறது. இரண்டாவதில் ஸ்பேனர் கல்லில் முட்டியதுபோல நின்றுவிடுகிறது. "கம்ப்ரஷனா இருக்கும், அமத்துங்க அங்கிள்." "நாலு பிளக்கும் கழட்டிக் கிடக்கு, காத்தெல்லாம் வெளிய போயிடும், எங்கால கம்ப்ரஷன்? இரும்பும் இரும்பும் முட்டுது." சாவிக்கொத்து கிலுங்குகிறது. "சாவியத் தொடாத!" அவர் குரல் கிறீச்சிடுகிறது. ஸ்பேனரை முன்னே தள்ளவும் பயம், பின்னே இழுக்கவும் பயம். ரொஷாந்த் இறங்கி வருகிறான். கிழவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கியர் வந்த பெட்டிக்குள்ள ஒரு தாள் கிடக்கு, எந்தப் புள்ளி எண்டு அதில இருக்கும். எடுத்து வாசி தம்பி," என்கிறார். ஸ்பேனரைப் பார்த்தபடி அவரே சொல்கிறார்: "எனக்கு வாசிக்கத் தெரியாது."