வெந்தயப் பொறி

சாம்பார் பொடி கம்பெனி முதலாளி தெய்வநாயகத்துக்கு, பொடியின் அளவை இணையக் கிடங்கான கிளவுடில் போட்டால் ஊரே திருடும் என்று சந்தேகம்.

"எல்லாக் கம்பெனியும் அங்கதான் வெச்சிருக்காங்க, மாமா," என்று மாப்பிள்ளை நச்சரித்தார்.

தலைக்குள் பூட்டி வைத்திருந்த ரகசிய அளவை ஏற்றும்போது, திருடன் சிக்கட்டும் என்று வெந்தயத்தை மட்டும் பத்து மடங்காக்கினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் கசந்த கசப்பில் நாதஸ்வரமே நின்றுபோனது.

"மாட்டுனான்டா திருடன்!" என்று பந்தியில் இருந்த தெய்வநாயகம் இலையைத் தாண்டிக் குதித்துச் சமையல்கட்டுக்குள் பாய்ந்தார். "எவன் பொடிய்யா இது?"

சமையல்காரர் பாக்கெட்டை நீட்டினார். அதில் தெய்வநாயகத்தின் படம் சிரித்தது.

"நம்ம மில்லுக்கும் இப்போ கிளவுட்ல இருந்துதான் அளவு போகுது, மாமா," என்றார் பின்னாலேயே ஓடிவந்த மாப்பிள்ளை.

தெய்வநாயகம் படத்தை உற்றுப் பார்த்தார். அந்த ஆளின் சிரிப்பு அவருக்குச் சரியாகப் படவில்லை.