இடைவேளையில் ஒரு சாவு

“எல்லாம் ஓகே மேடம். இன்டர்வல்ல மட்டும் அந்தச் சின்னப் பொண்ணு செத்துடணும்” என்றார் டைரக்டர் தீனதயாளன்.

இலங்கைப் போர் பற்றிய என் நாவலைப் படமாக்க வந்தவர். கிரிவலம் முடித்த கையோடு, நெற்றி நிறைய விபூதியுடன், பொங்கலில் நெய் கம்மி என்று ஓட்டல்காரரைத் திட்டியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாவலை அவர் படிக்கவில்லை. உதவியாளர் கதை சொல்லியிருக்கிறார்.

“அவ பொழைச்சுக்கிறா சார்.”

“பொழைச்சா யாருங்க அழுவாங்க?”

“நாவல்ல அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் சாகுறாங்களே. போதாதா?”

“கம்மிங்க.” வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். “பதுங்குகுழியில செருப்பைத் தேடிக்கிட்டிருக்கா. குண்டு விழுது. கட் பண்ணா, செருப்பு மட்டும் கிடக்குது. தியேட்டரே அழும்! அடி அண்ணாமலையில உக்காந்து எழுதுற உங்களுக்குச் சண்டையும் தெரியாது, சினிமாவும் தெரியாது.”

“அவ மட்டும் வேணாம் சார்.”

“தம்பி கேரக்டரையே தூக்கிட்டு, அதுக்குப் பதிலா நாய்க்குட்டி போட்டேன். அப்ப நீங்க வாயே திறக்கல. இவளுக்கு மட்டும் ஏன் இவ்ளோ பிடிவாதம்?”

“அவங்கல்லாம் நெஜமாவே செத்துட்டாங்க சார். அந்தப் பொண்ணு நான்தான்.”

வடையோடு கை பாதியில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“அடடா, சூப்பருங்க! ‘உண்மைக் கதை’ன்னு போஸ்டர்லயே போட்டுடலாம்” என்றார். “ஆனா, பொண்ணு செத்துடட்டும்.”