மங்காத புள்ளி

கல்வராயன் மலையில் இருந்த தொலைநோக்கி நிலையத்தில் இசைவாணி வேலை பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் எடுத்த படங்களை, மேலதிகாரி சிவசங்கர் தன் பெயரில் வெளியிட்டார். கேட்டதற்கு, "கரும்பு வெட்டறவன் பொண்ணுக்குச் சம்பளம் வருது இல்ல? பேரு வேற இன்னாத்துக்கு?" என்றார். இசைவாணி அதை மறக்கவே இல்லை.

இந்த வாரம் வெகு தொலைவில் ஒரு பெரிய நட்சத்திரம் அழிந்து காமாக் கதிர் வெடிப்பு நிகழ்ந்தது. அது விட்டுச்சென்ற பின்னொளி மணிக்கு மணி மங்கிக்கொண்டே வந்தது. முதலில் படம் எடுத்துச் சொல்பவருக்குத்தான் பெயர்.

காலையில் சிவசங்கர் அவசரமாக வந்தார். "வானம் தெளிவா இருந்துச்சா? படம் எங்க?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணு தொறந்து வச்சிருக்கேங்க சார்."

"சரி, நீ போய் டீ குடிச்சிட்டு வா."

அவள் திரும்பி வருவதற்குள், படத்தில் இருந்த புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, உலகத்து வானியலாளர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்.

"உன் பேர உட்டுட்டேன், கோச்சிக்காத" என்று சிரித்தார்.

"பரவால்ல சார். படத்துல தேதி பாத்தீங்களா?"

"தேதிக்கு இன்னா?"

"வெடிப்பு நடந்தது முந்தாநேத்து. இது போன மாசம் அதே இடத்த எடுத்த படம். ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்தேன். நீங்க வட்டம் போட்டது சாதாரண நட்சத்திரம்."

சிவசங்கர் குனிந்து திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். "அப்ப ராத்திரி எடுத்த படம்?"

"விடியக்காலமே என் பேர்ல அனுப்பிட்டேங்க சார்."

மேசை மேல் ஃபோன் அடிக்கத் தொடங்கியது.

"எடுங்க சார்" என்றாள் இசைவாணி. "உங்களத்தான் கேப்பாங்க."