கிழக்கு மூலை

“அந்த மூலையிலை மண்வெட்டியைப் போடாதை பிள்ளை! சொன்னாக் கேள்!”

மாமியார் இரத்தினம்மா போட்ட சத்தத்தில், ஓங்கிய மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள் சிவகௌரி.

“வெங்காயத்துக்கு இன்னும் ஒரு பாத்தி வேணும் மாமி. இந்தக் கிழக்கு மூலைதான் நல்ல வெயில் படுற இடம்.”

“வெயிலும் படும், உள்ளுக்கை ஷெல்லும் கிடக்குது. தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்த நேரம் கூவிக்கொண்டு வந்து உதிலைதான் புதைஞ்சது. வெடிக்கேல்லை. என்ரை கண்ணாலை கண்டனான்.”

சிவகௌரி மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். கணவனின் வேலை இடமாற்றத்தோடு கொழும்பிலிருந்து இணுவிலுக்கு வந்த முதல் தை மாதம் அது. நடை பழகிக்கொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

“பொலிசுக்குச் சொல்லலாமே மாமி?”

“சொன்னா வளவு முழுக்கக் கிண்டி, மாமரத்தையும் சாய்ச்சுப்போட்டுப் போவாங்கள். அது தன்ரை பாட்டிலை கிடக்கட்டும். சீண்டாட்டி ஒண்டும் செய்யாது.”

கணவன் கோபிசங்கரிடம் முறையிட்டாள். “அம்மா கண்டவ எண்டாக் கண்டவதான். விடுமப்பா,” என்று போனிலிருந்து தலையை எடுக்காமலே அவன் சொல்லிவிட்டான்.

அந்த மூலையை விட்டு வெங்காயம் நட்டாள். சித்திரையில் வெங்காயத்தைக் கிண்டிவிட்டு வெண்டியும் பயிற்றையும் போட்டாள். கோடையில் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்தாள். தண்ணீர் பட்டு வெடித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று அந்தப் பக்கம் மட்டும் திருப்பவேயில்லை. நாயுருவி இடுப்பளவு வளர்ந்தது. பிடுங்கப் பயம். ஆவணியில் கிழங்குக்குப் பனங்கொட்டை அடுக்கிப் பாத்தி போட இடம் தேடியபோதும், “வேலிக்கரையிலை போடு,” என்று மாமி முந்திக்கொண்டாள்.

பயமென்றால் அப்படியொரு பயம். மகள் பந்தை உருட்டினால் போதும், சிவகௌரியின் நெஞ்சு பந்துக்கு முதல் அந்த மூலைக்கு ஓடும். எங்காவது தேங்காய் விழுந்தாலும் பிள்ளையைத் தேடுவாள்.

பக்கத்து வீட்டு அற்புதராணிதான் ஒரே ஆறுதல். தோட்டத்துக் கத்தரிக்கன்றும் மிளகாய்க்கன்றும் அவள் கொடுத்தவை. கூழ் காய்ச்சினாலும் வேலிக்கு மேலால் ஒரு செம்பு வரும். செம்பு மட்டும் மறுநாளே திரும்பிப் போய்விட வேண்டும். சீதனமாக வந்த கரண்டியில்கூடப் பெயர் வெட்டி வைத்திருக்கிற மனுஷி அவள்.

“எங்கடை குசினி யன்னலாலை பாத்தா அந்த மூலைதான் நேரை தெரியும். எனக்கும் நெஞ்சு பக்குப்பக்கெண்டும் பிள்ளை,” என்பாள் அற்புதராணி.

“நீங்களும் அந்த ஷெல்லைக் கண்டனீங்களோ அன்ரி?”

“இல்லை. நாங்கள் முதலே ஓடிட்டம். உன்ரை மாமிதான் இந்த ஒழுங்கையிலை கடைசியா வெளிக்கிட்டவ.”

கார்த்திகை மழை விடாமல் ஊற்றியது. ஒருநாள் காலை வானம் கொஞ்சம் வெளித்தபோது மாமி கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டாள். சிவகௌரி சாய்ந்த கத்தரிகளுக்குத் தடி ஊன்றிவிட்டு நிமிர்ந்தாள். மகளைக் காணவில்லை.

டங்... டங்... என்று சத்தம்.

மூலையில் சேற்றுக்குள் குந்தியிருந்து சின்னவள் சிரட்டையால் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். மழையில் மண் கரைந்து, உலோக விளிம்பொன்று வெளியே தெரிந்தது.

பிள்ளையை எப்படித் தூக்கினாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. வெளியே ஒழுங்கையில் நின்றுகொண்டுதான் பொலிசுக்குப் போன் அடித்தாள்.

குண்டு அகற்றுகிறவர்கள் வந்து மஞ்சள் நாடா கட்டினார்கள். அதற்குள் ஒழுங்கையே கூடிவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு திரும்பிவந்த இரத்தினம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று.

“ஆரைக் கேட்டுப் பொலிசைக் கூப்பிட்டனி?”

“பிள்ளை அதுக்கு மேலை தட்டிக்கொண்டிருந்தவள் மாமி!” என்று சிவகௌரி அழுதேவிட்டாள்.

இரத்தினம்மா அவளைத் தேற்றவில்லை. சனத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அற்புதராணியைக் கண்டதும் பதறிப்போனாள்.

“அற்புதம், நீ வீட்டை போ! உனக்குப் பிறஷர். வெடிச்சாத் தாங்கமாட்டாய்.”

“உங்களை விட்டிட்டு எப்பிடியக்கா போறது?” அற்புதராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியின் மனதில் இவ்வளவு இரக்கமா என்று, அந்தக் கலக்கத்திலும் சிவகௌரிக்கு நெஞ்சு இளகியது.

கவசம் போட்டவன் குப்புறப் படுத்து மண்ணை மெல்ல மெல்ல விலக்கினான். திடீரென்று எழும்பித் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

“பயம் இல்லை அம்மா! குண்டு இல்லை! பானை, பெரிய பானை!” என்று அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரித்தான்.

இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவந்து வைத்தார்கள். பெரிய பித்தளைக் கிடாரம். சனம் கொல்லென்று சிரித்தது. சிவகௌரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்தாள்.

“கழுவாதை பிள்ளை. பழஞ்சாமான். அங்காலை தூக்கிப் போடு,” என்று இரத்தினம்மா கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

“நில்லுங்கோ மாமி. ஒரு வருசமா எங்களை வெருட்டின ஷெல்லின்ரை முகத்தை ஒருக்காப் பாப்பம்.”

தண்ணீர் பட்டுச் சேறு வழிந்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளைச் சிவகௌரி உற்சாகத்தோடு, ஒழுங்கைக்கே கேட்கும்படி வாசித்தாள்:

“சி. அற்புதராணி.”