ஊர் போட்ட சட்டம்

அந்தத் தெருவின் மற்ற வீட்டுப் படிகளைப் போலவே வக்கீல் வீட்டு வாசற்படியும் தெருவுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. நகராட்சி அதிகாரியம்மாள் கடப்பாரை ஆட்களோடு வந்து நின்றார்.

“பைலாப்படி இந்தப் படியை எடுத்தாகணும் சார்.”

தெருவே வேடிக்கை பார்த்தது. வக்கீல் விட்டுக்கொடுக்கவில்லை.

“பைலான்னா பெரிய சட்டத்துக்குப் பக்கத்துல நிக்கிற குட்டிச் சட்டம்தானே மேடம்? கொஞ்சம் கண்டுக்காம விடலாமே.”

“இந்த ‘பை’க்குப் பக்கம்னு அர்த்தம் இல்ல சார். அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க நாட்டுல வந்து குடியேறின கடலோடிங்க பேசின மொழியில அதுக்கு ஊர்னு அர்த்தம். அங்கேருந்துதான் இங்கிலீஷுக்கு வந்துச்சு. இது ஊரே கூடிப் போட்ட சட்டம். போன மாசம் கடைசி வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர முடியல, தெரியுமில்ல?”

“இடிச்சுக்கோங்க” என்று வக்கீல் ஒதுங்கி நின்றார்.

முதல் கல் பெயர்ந்ததுமே எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்த் தன் கடப்பாரையை எடுத்துவந்தார். மற்றவர்களும் அவரவர் படியைப் பெயர்க்கத் தொடங்கினார்கள்.

மாலையில் வேலை முடிந்து வந்த அதிகாரியம்மாள், படியில்லாத அந்த வாசலில் ஏற முடியாமல் நின்றார். வக்கீல் உள்ளேயிருந்து கை நீட்டினார்.

“பிடிச்சுக்கோ, பார்த்து ஏறு. நம்ம வீட்டுப் படியையே இடிச்சுட்டே. இனிமே தெருவுல யார் வாயைத் திறப்பாங்க?” என்றார் மனைவியிடம்.