சிவப்பு ஸ்டிக்கர்

"நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை தங்கை.

புகைச் சோதனை அதிகாரியான அண்ணன் அப்படியே நின்றார். அன்று காலைதான், தங்கை புருஷன் ஓட்டும் பொக்லைன் வண்டிக்கு 'இயக்கத் தடை' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்திருந்தார்.

"ரோட்டுல ஓடுற வண்டிக்குத்தான் புகைச் சட்டம்னு இருந்தோம். இப்ப பள்ளம் தோண்டுற வண்டிக்கும் வந்தாச்சு. வரட்டும். அதுக்காக இவரு வண்டியிலதான் உன் வீரத்தைக் காட்டணுமா?"

"மீட்டர்ல அளவு தாண்டிடுச்சும்மா..."

"உன்கூடப் பொறந்தது நானா, மீட்டரா?"

புருஷன்காரர் கை கழுவிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். வண்டி நின்றால் அவர் வேலையும் போச்சு. முதலாளி வேறு வண்டி, வேறு ஆள் என்று போய்விட்டால் கதி என்ன? அந்தப் பயத்தில்தான் அவள் இவ்வளவு கத்தினாள்.

சாப்பாட்டு மேசையில் தட்டு இரண்டுதான் வைத்தாள். அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துப் புருஷனுக்கு முதலாளியின் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"புகை ஃபில்டருக்குச் சொல்லிட்டேன்ப்பா. பத்து நாள்ல மாட்டிடலாம். அதுவரைக்கும் குடோன் வேலையைப் பாரு. வேற எங்கயும் போயிடாதே."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

"யாரோ ஒருத்தருக்கு இருக்குற மனசு, கூடப் பொறந்தவனுக்கு இல்லையே! நேர்மையாம், பெரிய நேர்மை!"

அதற்கு மேல் புருஷனுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சானைத் திட்டாதே. சோதனை பண்றப்ப ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கணும். பாதி மிதிச்சா புகை கம்மியாத்தான் காட்டும், பாஸாயிடும். 'பாதி போதும் மாப்பிள்ளை'ன்னு எனக்குக் கண்ணைக் காட்டினதே உங்க அண்ணன்தான்."

பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒருத்தருக்கும் அப்படிக் கண்ணைக் காட்டாத மனிதர், கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் எப்படிங்க ஃபெயிலாச்சு?"

"நான்தான் முழுசா மிதிச்சேன். எனக்கென்ன, கண்ணாடிக் கேபின், ஏசி. பள்ளத்துல இறங்கிக் குழாய் பதிக்கிறாங்களே எட்டுப் பேர், அத்தனை புகையும் அவங்க மூக்குலதானே போகுது!"